உஷார்! பின் ஷொக்கை நீட்டினால் முன் சில்லு கைவிடும்

பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பின் ஷொக் மாற்ற நினைத்திருக்கிறீர்களா? கராஜுக்குப் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள். உரிய அளவைவிட நீளமான ஷொக்கை ஏற்கெனவே பூட்டிவிட்டீர்கள் என்றால், நாளைக் காலை அதில் பிள்ளையைப் பாடசாலைக்கு ஏற்றுமுன் கட்டாயம் படியுங்கள். மாற்றியது பின்பக்கம்தான். ஆனால் அது கெடுப்பது ஹேண்டிலை, பிரேக்கை, செயினை, ஸ்டாண்டை, இரவில் ஹெட்லைட்டை. வண்டி பார்ப்பதற்கு எடுப்பாக நிற்கும். ஒழுங்கைக்குள் ஒரு சுற்று ஓடிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவசரமாகப் பிரேக் பிடிக்கவேண்டி வரும் நேரத்தில்தான் தெரியும். அப்போது கராஜுக்குத் திரும்பிப் போக நேரம் இருக்காது.

கொழும்பில் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியோரம் நிறுத்தியிருக்கும் வண்டிகளைப் பாருங்கள். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் பாருங்கள். ஹொண்டா சிடி 125, சிஜி 125, யமஹா ஆர்எக்ஸ் 100, ஹீரோ ஹொண்டா சிடி 100, ஸ்ப்ளெண்டர், முதல் தலைமுறை பல்சர் என்று, பின்னால் இரண்டு பக்கமும் ஷொக் வைத்த பழைய வண்டிகள் இன்னும் தினசரி ஓடுகின்றன. ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரைதான் தயாரானது. அப்படியென்றால் ஆகக் கடைசியாக வந்த வண்டிக்கே இப்போது முப்பது வயதுக்குக் கிட்ட. இவற்றில் பல, பின்பக்கம் தூக்கி, முன்பக்கம் குனிந்து நிற்கின்றன. இந்த நிலை என்னைப் பயமுறுத்துகிறது.

இது இப்படிப் பரவியதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடமும் புது வண்டி வாங்க வழியில்லாமல், கொட்டிலில் கிடந்ததையெல்லாம் சனம் எடுத்துத் திருத்தி ஓட்டியது. 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான். குறைந்த பெற்றோலில் ஓடும் சின்னப் பழைய வண்டிக்கு அன்று வந்த மதிப்பு இன்றும் குறையவில்லை. அதே வண்டியில்தான் இப்போது கணவன், மனைவி, பிள்ளை, பாடசாலைப் பை எல்லாம் போகின்றன. பின்னால் பெட்டி கட்டி உணவு விநியோகமும் அதில்தான். இத்தனை பாரத்தைச் சுமந்து ஷொக் ஓய்ந்துபோவது இயற்கை. ஓய்ந்ததற்குப் பதிலாக எதைப் போடுகிறோம் என்பதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

கராஜில் வழக்கமாக நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"பாஸ், ரெண்டு பேர் ஏறினா பின்னால இடிக்குது. கொஞ்சம் உசத்திப் போடுங்களன்."

"போடலாம் தம்பி. 340 இருக்கு, 360 இருக்கு. எது வேணும்?"

"360ஏ போடுங்க. பார்க்கவும் எடுப்பா இருக்கும்."

அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். கழற்றிய பழைய ஷொக் எத்தனை மில்லிமீற்றர் என்று இருவரில் ஒருவரும் அளக்கவில்லை. 340, 360 என்பது மேல் துளையின் நடுவிலிருந்து கீழ்த் துளையின் நடு வரையுள்ள நீளம். 320இல் ஓடிய வண்டிக்கு 360 போட்டால் வித்தியாசம் 40 மில்லிமீற்றர். காலி வீதியில் ஒரு குழியின் ஆழத்துக்குக்கூட அது வராது, இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். என்ன வருகிறது என்று பார்ப்போம்.

முதலில், அந்த 40 மில்லிமீற்றர் பின் சில்லில் 40ஆக நிற்பதில்லை. ஷொக் நேர்குத்தாக நிற்பதில்லை, முன்பக்கம் சாய்ந்து நிற்கிறது. கீழ் முனை பெரும்பாலும் சில்லின் அச்சுக்குச் சற்று முன்னால் பூட்டப்பட்டிருக்கும். இரண்டும் சேர்ந்து பின்பக்கத்தை 45 மில்லிமீற்றர் அளவுக்குத் தூக்கிவிடும். இந்த ரக வண்டிகளில் முன் சில்லின் அச்சுக்கும் பின் சில்லின் அச்சுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அவ்வளவு குட்டையான வண்டியின் வாலை 45 மில்லிமீற்றர் தூக்கினால் முழு வண்டியும் முன்னோக்கி 2 பாகை கவிழும். ஹேண்டில், ஃபோர்க், ஹெட்லைட் எல்லாம் அதோடு சேர்ந்து கவிழும்.

2 பாகை என்றால் என்ன? சுப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் முன் சில்லைப் பார்த்திருப்பீர்கள். சில்லு தரையைத் தொடும் இடம், அது திரும்பும் தண்டுக்குப் பின்னால் இழுபட்டு வருகிறது. அதனால்தான் தள்ளும்போது சில்லு தானாக நேராகிக்கொள்கிறது. மோட்டார் சைக்கிளிலும் அதுவேதான். ஹேண்டில் திரும்பும் அச்சுக்கோட்டைக் கீழே நிலம் வரை நீட்டினால், அது முன் டயர் நிலத்தைத் தொடும் புள்ளிக்கு முன்னால் போய் விழும். இந்த இடைவெளிக்கு ட்ரெயில் என்று பெயர். வேகத்தில் வண்டியை நேராகப் பிடித்து வைத்திருப்பதில் உங்கள் கைக்கு உள்ள பங்கைவிட இந்த ட்ரெயிலுக்கு உள்ள பங்கு பெரிது. குழியில் விழுந்து ஹேண்டில் ஒரு பக்கம் அடித்தாலும் அதை உடனே நடுவுக்கு இழுத்துக்கொண்டு வருவது இதுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஃபோர்க்கின் சாய்வு 27 பாகை, ட்ரெயில் 85 மில்லிமீற்றர் உள்ள ஒரு 100 சிசி வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 360 ஷொக் போட்டதும் சாய்வு 25 ஆகிறது, ட்ரெயில் 73க்கு இறங்குகிறது. இதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. பழைய வண்டியில் முன் ஃபோர்க்கும் பழசு. உள்ளே ஸ்பிரிங் அமர்ந்து, எண்ணெய் கறுத்து நீர்த்து, முன்பக்கம் ஏற்கெனவே ஒன்றரைச் சென்றிமீற்றர் இறங்கியிருக்கும். அதையும் சேர்த்தால் ட்ரெயில் 70ஐ ஒட்டி வந்துவிடும். வண்டியை நேராக வைத்திருந்த பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. அதை உங்களுக்குச் சொல்ல வண்டியில் எந்தச் சிவப்பு விளக்கும் இல்லை.

மாறாக, முதல் நாள் வண்டி நன்றாக இருப்பதாகவே தோன்றும். ஹேண்டில் இலேசாகத் திரும்பும். ஆமர் வீதிச் சந்தி நெரிசலில் முச்சக்கர வண்டிகளுக்கு நடுவே வளைத்து நெளித்து எடுக்க வசதியாக இருக்கும். "இப்பதான் வண்டி சுறுசுறுப்பா ஓடுது" என்று மகிழ்ந்தவர்களை நான் அறிவேன். அந்த இலேசுதான் அபாய அறிகுறி. மணிக்கு 20, 30 கிலோமீற்றரில் சுறுசுறுப்பாகத் தெரிவது 70இல் நடுக்கமாகத் தெரியும். நல்லூர்த் திருவிழாவுக்கென்று வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் வரை மோட்டார் சைக்கிளிலேயே போகும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அதிவேகப் பாதையில் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை, புத்தளம் வழியாகப் போய் ஏ9ஐப் பிடிக்கவேண்டும். நீண்ட நேர் வீதி, எதிரே இரவு பஸ், அது கடந்துபோகும்போது அடிக்கும் காற்று. அந்த இடத்தில் ஹேண்டில் இடமும் வலமுமாக உதறத் தொடங்கினால் அதை அமர்த்திப் பிடிக்கச் சாதாரண ஓட்டுநரால் முடியாது. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க உதறல் கூடுவதும் உண்டு. ஹேண்டில் திரும்பும் கோன் செட் தேய்ந்திருந்தாலோ, பின் சில்லைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் ஆடினாலோ அந்த உதறல் இன்னும் குறைந்த வேகத்திலேயே வந்துவிடும். பழைய வண்டிகளில் இவை இரண்டும் தேயாமல் இருப்பதே அபூர்வம்.

பிரேக்கைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு இன்னும் பதற்றம் கூடுகிறது. ஜிந்துப்பிட்டியில் ஒரு முச்சக்கர வண்டி சமிக்ஞை இல்லாமல் குறுக்கே திரும்புகிறது, நீங்கள் முன் பிரேக்கை அழுத்துகிறீர்கள். ஃபோர்க் கீழே அமிழ்கிறது, பின்பக்கம் எழும்புகிறது. ஷொக் நீளமானதால் எழும்பும் உயரமும் கூடுதல். ஏற்கெனவே குனிந்த வண்டி அந்த நொடியில் இன்னும் குனிகிறது, ட்ரெயில் இன்னும் சுருங்குகிறது. வண்டி நேராக நிற்கவேண்டியது எப்போதையும்விட அவசியமான அந்த நேரத்தில்தான் அதைத் தாங்கும் பலம் ஆகக் குறைவு. பாரம் முழுக்க முன்னால் போய்விட்டதால் பின் டயர் நிலத்தை மெல்லத்தான் தொட்டுக்கொண்டிருக்கும். பழக்கத்தில் காலும் பின் பிரேக்கை மிதிக்கும். டிரம் பிரேக் சில்லைப் பிடித்து நிறுத்தும், வால் வழுக்கும். மழை பெய்து எண்ணெய் மிதக்கும் வீதியில் அதற்குப் பிறகு நடப்பதை நான் விவரிக்கத் தேவையில்லை.

அடுத்தது செயின். இதைக் கொஞ்சம் நுணுக்கமாகப் பாருங்கள், ஏனென்றால் கராஜிலேயே பலர் தவறுவது இங்கேதான். முன் ஸ்புறொக்கெட், ஸ்விங் ஆர்ம் அசையும் அச்சு, பின் சில்லின் அச்சு, இந்த மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது செயின் ஆகக் கூடுதலாக இறுகும். அந்தக் கோட்டிலிருந்து சில்லு கீழே இறங்க இறங்க செயின் தளரும். நீள ஷொக் போட்டால் சில்லு வழக்கத்தைவிடக் கீழே தொங்குகிறது. அந்த நிலையில் வண்டியை டபுள் ஸ்டாண்டில் நிறுத்திச் செயினைத் தொட்டுப் பார்த்தால் தொய்வாகத் தெரியும். உடனே 20, 30 மில்லிமீற்றர் ஆட்டம் வைத்து இறுக்கிவிடுகிறார்கள். பிறகு இரண்டு பேர் ஏறிக் குழியில் இறக்கும்போது சில்லு மேலே போகிறது, மூன்று அச்சும் ஒரு கோட்டுக்கு வருகின்றன, செயினுக்கு நீளம் போதவில்லை. முன் பின் ஸ்புறொக்கெட்டுகளின் இடைத்தூரம் ஒரு மில்லிமீற்றர் கூடினாலே அந்த ஆட்டம் முழுக்கத் தீர்ந்துவிடும். அதன்பின் ஒவ்வொரு குழியும் கியர் பொக்ஸின் தண்டையும் பெயாரிங்கையும் இழுத்து வளைக்கிறது. எண்ணெய் சீல் கசியும், செயின் நீளும், ஒரு நாள் அறும். ஓடும்போது அறுந்த செயின் ஸ்புறொக்கெட்டில் சுருண்டுகொண்டால் பின் சில்லு அப்படியே பூட்டிக்கொள்ளும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் நீள ஷொக் பூட்டி நின்ற சிடி 125 ஒன்றை அண்மையில் குந்தியிருந்து பார்த்தேன். செயினை முழுக்க மூடிய தகரப் பெட்டி உள்ள ரகம். பெட்டியின் உட்புறம், ஸ்விங் ஆர்மின் அச்சை ஒட்டி, விரல் நீளத்துக்கு ஒரு கோடு கண்ணாடிபோல் மினுங்கியது. பெயின்ட் போய், துரு போய், தகரமே தேய்ந்திருந்தது. கீழே கறுப்புக் கிறீஸோடு கலந்து தகரத் தூள். செயினின் மேல் வரி, சில்லு கீழே தொங்குவதால் தாழ்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் அதை அராவிக்கொண்டிருக்கிறது. வண்டிக்காரருக்குக் கடகடவென்ற சத்தம் கேட்டிருக்கிறது. பழைய வண்டி என்றால் சத்தம் இருக்கும்தானே என்று விட்டுவிட்டாராம். பின் சில்லின் நடுவில் கையை வைத்துப் பார்த்தேன், வைத்திருக்க முடியவில்லை. அவ்வளவு சூடு. சும்மா ஓட்டிக்கொண்டு வந்த வண்டிதான் அது, பிரேக் பிடித்து வந்ததல்ல.

அந்தச் சூட்டுக்கும் நீள ஷொக்தான் காரணம். இந்த வண்டிகளில் பின் பிரேக் கம்பியால் இயங்குகிறது. மிதியின் அச்சு ஒரு இடத்தில், ஸ்விங் ஆர்மின் அச்சு இன்னொரு இடத்தில். சில்லு மேலும் கீழும் போகும்போது கம்பியின் இழுவை மாறும். தொழிற்சாலையில் அந்த மாற்றத்தைக் கணித்துத்தான் கம்பியின் நீளத்தையும் மிதியின் ஆட்டத்தையும் வைத்திருக்கிறார்கள். சில்லைப் புது இடத்துக்குத் தள்ளிவிட்டால் அந்தக் கணக்குக் குலையும். சில வண்டிகளில் சில்லு தொங்கும்போது பிரேக் தானாகப் பிடிக்கும். வேறு சிலவற்றில் ஆள் ஏறி அமர்ந்ததும் பிடிக்கும். அவற்றை ஆள் ஏறாமல் உருட்டிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். தொடர்ந்து உரசும் பிரேக் கட்டை சூடேறி மினுக்கமாகி, உண்மையிலேயே தேவைப்படும்போது பிடிக்காமல் போகும். அதைவிடக் கொடுமை, எதிர்ப்பக்கமாகக் கம்பி தளர்ந்து, மிதி அடிவரை போயும் பிரேக் கிடைக்காமல் போவது.

ஸ்டாண்ட் சின்ன விஷயம்போல் தெரியும். டபுள் ஸ்டாண்டில் ஏற்றினால் பின் சில்லு நிலத்தைவிட்டு எழும்பாது. சைட் ஸ்டாண்டில் விட்டால் வண்டி அளவுக்கு மீறிச் சாயும். வெயிலில் தார் இளகிய இடத்தில், பின்னால் பெட்டியும் பாரமும் உள்ள வண்டி அப்படியே விழும். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் கீழ்த்தளத்தில் வண்டிகள் நெருக்கி நிற்கும் இடத்தில்தான் பிள்ளைகளும் விளையாடுகிறார்கள். நூறு கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு அது.

ஹெட்லைட்டைப் பற்றி யாரும் சொல்வதே இல்லை. 2 பாகை கவிழ்ந்த வண்டியில் விளக்கும் 2 பாகை குனிந்திருக்கிறது. விளக்கு நிலத்திலிருந்து 90 சென்றிமீற்றர் உயரத்தில் இருந்து, 90 மீற்றர் தூரத்தில் ஒளி நிலத்தைத் தொடும்படி முன்பு சரி செய்யப்பட்டிருந்தால், இப்போது அது 20 மீற்றரிலேயே விழும். மணிக்கு 60 கிலோமீற்றரில் 20 மீற்றரைக் கடக்க ஒரு நொடியும் சொச்சமும்தான். புளூமெண்டல் வீதியில் இரவில் விளக்கில்லாமல் நிறுத்திய லொறியைக் கண்டு நிறுத்த அது போதுமா? விளக்கை மேலே தூக்கத் திருகு இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. ஆனால் ஷொக் மாற்றியவர் விளக்கைத் தொட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இவை எல்லாவற்றிலும் மோசமான ஒன்று உண்டு. புது ஷொக் வாங்கக் காசில்லாதவர்கள் பழைய ஷொக்கின் கீழ் முனையில் ஒரு இரும்புத் துண்டைச் சேர்த்து நீளமாக்குகிறார்கள். இரண்டு துளை போட்ட பட்டை ஒன்றுதான் அது. சிலர் ஸ்விங் ஆர்மில் புதிதாகத் தகடு வெல்டிங் பிடித்து ஷொக்கின் இடத்தையே மாற்றுகிறார்கள். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். ஷொக் தன் நீளப்போக்கில் மட்டும் பாரம் தாங்கச் செய்யப்பட்டது. நடுவில் ஒரு இணைப்பு வந்தால் அது பக்கவாட்டில் மடங்கப் பார்க்கும், பாரமெல்லாம் ஒரு போல்ட்டின் கழுத்தில் வந்து நிற்கும். வெல்டிங் பிடித்த இடத்துக்குப் பக்கத்தில் இரும்பு சூட்டில் குணம் மாறி, மாதக்கணக்கில் மயிரிழை வெடிப்பாக ஓடி, ஒரு நாள் விட்டுவிடும். ஒரு பக்க ஷொக் மட்டும் கழன்றால் ஸ்விங் ஆர்ம் முறுகி, சில்லு சாய்ந்து, பின்னால் இருப்பவர் முதலில் தூக்கியெறியப்படுவார். பெரும்பாலும் பின்னால் இருப்பது மனைவியோ தங்கையோ அம்மாவோதான்.

பின் சில்லு அதிகம் ஏறி இறங்கவேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் முன்பும் இருந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் மோட்டோகிராஸ் பந்தயக்காரர்களுக்கு அதுதான் பெரிய தேவை. பெல்ஜியத்தின் லூசியன் டில்கன்ஸ் வகுத்த ஒற்றை ஷொக் அமைப்பை யமஹா எடுத்துக்கொண்டது. சுவீடனின் ஹாக்கன் ஆண்டர்சன் 1973இல் அந்த வண்டியில் 250 சிசி உலகப் பட்டம் வென்றார். அதற்காக ஸ்விங் ஆர்மைப் புதிதாக வடித்தார்கள், ஷொக்கை டாங்கிக்கு அடியில் கொண்டுபோனார்கள், அதற்கேற்பச் சட்டகத்தையும் மாற்றினார்கள். இருந்த வண்டியில் நீளமான ஷொக்கை மாட்டிவிட்டுப் பந்தயத்துக்குப் போகவில்லை. இன்றைக்கும் வீதிப் பந்தய மெக்கானிக்குகள் பின்பக்க உயரத்தை மாற்றுகிறார்கள்தான். இரண்டு மூன்று மில்லிமீற்றராக மாற்றி, ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார்த்துத்தான் அடுத்ததற்குப் போகிறார்கள். நம் ஊரில் ஒரே அடியில் 40.

சரி, பின்னால் இடிக்கிறதே, அதற்கு என்ன செய்வது? இடிப்பது ஷொக் குட்டையாக இருப்பதால் அல்ல. உள்ளே எண்ணெய் கசிந்து அமர்த்தும் சக்தி போயிருக்கும், அல்லது ஸ்பிரிங் ஓய்ந்திருக்கும். தண்டில் விரலை வைத்துப் பாருங்கள், ஈரமும் தூசியும் ஒட்டினால் சீல் போய்விட்டது. பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கி விடுங்கள். ஒரு தடவை எழும்பி நிற்கவேண்டும். இரண்டு மூன்று தடவை துள்ளினால் அது முடிந்துபோன ஷொக். அதற்கு மருந்து அதே நீளத்தில் நல்ல ஷொக் ஒரு சோடி. பாரம் கூட ஏற்றுபவர் என்றால், அதே நீளத்தில் சற்றுத் தடித்த ஸ்பிரிங் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அதற்கும் முன் ஒரு இலவச வேலை இருக்கிறது: பெரும்பாலான ஷொக்குகளின் கீழே படிபோல் வெட்டிய வளையம் உண்டு. அதைத் திருப்பி ஒரு படி ஏற்றினால் ஸ்பிரிங் இறுகும். பல வண்டிகளில் வாங்கிய நாள் முதல் அதை யாரும் தொட்டதில்லை.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போகும்போது பழைய ஷொக்கைக் கையோடு கொண்டுபோங்கள். நினைவிலிருந்து அளவு சொல்லாதீர்கள். ஓய்ந்துபோன ஷொக்கிலும் நீளம் அப்படியே இருக்கும். பாரமில்லாமல் முழுக்க நீண்ட நிலையில் துளையின் நடுவிலிருந்து துளையின் நடு வரை அளந்து, அதைத் தாளில் எழுதி வையுங்கள். முன் சொந்தக்காரர் ஏற்கெனவே மாற்றியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், அதே மொடல் வண்டி மாற்றப்படாமல் நிற்கும் இடம் தேடி அளந்து பாருங்கள். அளவு ஒத்தால் மட்டும் போதாது. மேலும் கீழும் உள்ள புஷ்ஷின் அகலம், போல்ட்டின் தடிப்பு, கீழ் முனை வளையமா கவடா என்பதையும் ஒப்பிடுங்கள். புஷ் சிறிதென்று வொஷர் மூன்று நான்கு போட்டு நிரப்பிப் பூட்டுவதைக் கண்டால் தடுத்து நிறுத்துங்கள். பக்கத்தில் தொங்கும் காஸ் போத்தலையும் நிறத்தையும் பார்த்து மயங்கவேண்டாம். மலிவான சில ஷொக்குகளில் அந்தப் போத்தல் வெறும் அலங்காரம், உள்ளே எதோடும் தொடர்பில்லை.

கடையில் உங்கள் அளவு கிடைக்கவே இல்லை, சற்று நீளமானதுதான் இருக்கிறது என்றால், வித்தியாசம் 10 மில்லிமீற்றருக்குள் இருக்கட்டும். அப்போதும் பூட்டுவதற்கு முன் மெக்கானிக்கிடம் ஒன்றைக் கேளுங்கள். "பாஸ், ஷொக் ரெண்டையும் கழட்டிப்போட்டு, சில்ல மேலயும் கீழயும் தூக்கி ஒருக்காப் பார்ப்பமா?" ஷொக் இல்லாமல் ஸ்விங் ஆர்ம் தாராளமாக அசையும். புது ஷொக்கின் முழு நீளத்துக்குச் சமமாகச் சில்லைக் கீழே இறக்கி, செயின் எங்கேயும் உரசுகிறதா, பிரேக் பிடிக்கிறதா, சைலன்சரில் ஏதும் முட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு அது முழுக்க அமிழும் அளவுக்கு மேலே தூக்கி, டயர் மட்கார்டில் இடிக்கிறதா, பின் விளக்கு வயர் நசுங்குகிறதா என்று பாருங்கள். இடையில் செயின் ஆக இறுகும் இடத்தைக் கண்டுபிடித்து, செயின் ஆட்டத்தை அந்த இடத்தில் வையுங்கள். நல்ல மெக்கானிக் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் வேறு கராஜ் பாருங்கள்.

சட்டத்தையும் சொல்லவேண்டும். நம் வாகனங்கள் 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வருபவை. ஒரு வண்டியின் அமைப்பு மாற்றத்தைப் பற்றி நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளலாம். 2025 ஜனவரியிலிருந்து பொலிஸார் வாகனங்களில் கூட்டிச் சேர்த்தவற்றைக் கழற்றச் சொல்லி வீதியில் மறித்ததைக் கண்டிருப்பீர்கள். ஆனால் சத்தமான சைலன்சர் காதில் விழும், நிற விளக்கு கண்ணில் படும். ஷொக்கின் நீளத்தை வீதியில் யார் அளப்பார்கள்? வருமான அனுமதிப்பத்திரத்துக்காக வருடா வருடம் செய்யும் பரிசோதனையும் புகையைத்தான் பார்க்கிறது. ஆக, உங்கள் வண்டியின் ஷொக்கைப் பார்க்க உங்களைத் தவிர வேறு ஆள் கிடையாது. காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்து, வண்டியில் செய்யும் மாற்றங்கள் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். விபத்துக்குப் பிறகு மதிப்பீட்டாளர் படம் எடுக்கும்போது அந்த வரியைத் தேடிக்கொண்டிருக்கக்கூடாது.

இந்த நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். வீதி விபத்துகளில் வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள், அதில் பெரும் பங்கு மோட்டார் சைக்கிளில் போனவர்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவில் ஒரு இரவு காத்திருந்தவர்களுக்கு இந்த எண்ணிக்கையின் முகம் தெரியும். அந்த விபத்துகளில் எத்தனைக்கு வண்டியில் செய்த மாற்றம் காரணம் என்று பிரித்துச் சொல்லும் கணக்கை நான் கண்டதில்லை. "கட்டுப்பாட்டை இழந்து" என்று மட்டும் செய்தியில் வரும்.

ஏற்கெனவே நீள ஷொக் பூட்டியவர்கள் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் ஒருவரைத் துணைக்குக் கூப்பிட்டு, வண்டியில் ஏறி உட்காரச் சொல்லி, உட்கார்ந்த நிலையில் செயினின் ஆட்டத்தைத் தொட்டுப் பாருங்கள். இருவர் ஏறினால் எப்படி என்றும் பாருங்கள். விறைப்பாக இருந்தால் அந்த வண்டியைக் கராஜுக்கு மட்டும், அதுவும் மெதுவாக ஓட்டுங்கள். ஒரு கிலோமீற்றர் பிரேக் தொடாமல் ஓடிவந்து பின் சில்லின் நடுவில் கையை வையுங்கள், சுட்டால் பிரேக் உரசுகிறது. கழற்றிய பழைய ஷொக்கை இரும்புக்காரருக்குக் கொடுத்திருக்காவிட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் வண்டியின் சரியான அளவு அதில்தான் இருக்கிறது.

பழைய வண்டி புதிதாக வாங்கப்போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தையும் பதிவுப் புத்தகத்தையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் நீட்டவேண்டாம். வண்டியை டபுள் ஸ்டாண்டில் ஏற்றச் சொல்லுங்கள். பின் சில்லு நிலத்தைவிட்டு எழும்பிக் கையால் சுற்றச் சுற்றவேண்டும். எழும்பாவிட்டால் ஷொக்கை அளக்கும் வரை காசைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். உரிய அளவில் ஒரு சோடி போட எவ்வளவு ஆகும் என்று கேட்டு, அதை விலையில் கழியுங்கள்.